இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கு: பள்ளியிலும் இணையத்திலும் பாதுகாப்பு

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்து, நான்கு வயதுப் பிள்ளையை ரிசெப்ஷன் வகுப்பிலோ, சற்று வளர்ந்த பிள்ளையை இடையில் மூன்றாம், நான்காம் ஆண்டிலோ சேர்க்கும் பெற்றோரின் கையில் முதல் வாரமே ஒரு கட்டுப் படிவங்கள் வந்து சேரும். அவசரத்துக்கு யாரை அழைப்பது, மாலையில் யார் அழைத்துப் போவார்கள், படம் எடுக்கலாமா, பள்ளிக் கணினியில் இணையத்தைப் பயன்படுத்தும் விதிகளுக்குச் சம்மதமா என்று அவை கேட்கும். பெரும்பாலோர் கையெழுத்திட்டுத் தந்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். பள்ளிகள் சேஃப்கார்டிங் என்று சொல்லும் பாதுகாப்பு ஏற்பாடு முழுவதும் அந்தப் படிவங்களுக்குப் பின்னால் நிற்கிறது என்பதால், அதன் இயக்கத்தைத் தொடக்கத்திலேயே புரிந்துகொள்வது நல்லது.

இந்த ஏற்பாடு இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. நல்ல படிப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஐவரி கோஸ்ட் நாட்டுப் பெற்றோர் பாட்டி முறையான ஓர் உறவுப் பெண்ணுடன் அனுப்பிவைத்த விக்டோரியா கிளிம்பியே என்ற சிறுமி, 2000 பிப்ரவரியில், எட்டு வயதில், லண்டனில் கொடுமைக்கு ஆளாகி இறந்தாள். மருத்துவர்கள், சமூகப் பணியாளர்கள், காவல் துறையினர் எனப் பலரும் அவளைப் பார்த்திருந்தார்கள். ஆளுக்கொரு துண்டு தெரிந்திருந்தது, அவற்றை யாரும் ஒன்றுசேர்க்கவில்லை. அவள் எந்தப் பள்ளியிலும் சேர்க்கப்படவும் இல்லை. லார்டு லேமிங் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2003இல் வெளிவந்தது. அதை ஒட்டி 2004ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் வந்தது. இன்று உங்கள் பிள்ளையின் ஆசிரியர் ஒரு சிறு காயத்தைப் பற்றிக் கூடக் கேட்டுக் குறித்து வைப்பது அந்தத் துண்டுகள் மறுபடி சிதறிவிடக் கூடாது என்பதற்காகத்தான். பிள்ளை சொல்ல வேண்டும், கேட்டவர் அதை உரிய இடத்தில் சேர்க்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தின் மேல்தான் கீழே வரும் படிகள் எல்லாம் அமைகின்றன.

முதல் படி: ஒரு பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஒருவர் இருக்க வேண்டும். டெசிக்னேட்டட் சேஃப்கார்டிங் லீட், சுருக்கமாக டி.எஸ்.எல்., என்பது அவருடைய பொறுப்பின் பெயர். அவர் பள்ளியின் தலைமைக் குழுவில் ஒருவராக இருப்பார். பல தொடக்கப் பள்ளிகளில் தலைமை ஆசிரியரே அந்தப் பொறுப்பையும் வகிப்பார். அவர் இல்லாத நேரத்துக்குத் துணைப் பொறுப்பாளர்கள் இருப்பார்கள். இவர்களின் படங்களும் பெயர்களும் பெரும்பாலும் பள்ளியின் வரவேற்பு அறைச் சுவரிலேயே இருக்கும். பள்ளியின் இணையதளத்தில் பாதுகாப்புக் கொள்கை ஆவணத்தின் முதல் பக்கங்களிலும் இருக்கும். பெயரைக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால், நல்ல நாளிலேயே ஒருமுறை நேரில் போய் வணக்கம் சொல்லி அறிமுகமாகிக்கொள்ளுங்கள். கலங்கிய மனத்தோடு முன்பின் தெரியாத ஒருவரிடம் அந்நிய மொழியில் பேசத் தொடங்குவது கடினம். முகம் தெரிந்தவரிடம் அது அவ்வளவு கடினம் இல்லை.

கல்வித் துறை வெளியிட்டு வழக்கமாக ஆண்டுதோறும் செப்டம்பரில் புதுப்பிக்கும் வழிகாட்டு ஆவணம் ஒன்றைப் பள்ளிகள் கட்டாயம் பின்பற்ற வேண்டும். அதன்படி, ஒரு பிள்ளை தன் துன்பத்தைச் சொன்னால் ‘இதை யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று எந்த ஊழியரும் வாக்குக் கொடுக்கக் கூடாது, கேட்டதை டி.எஸ்.எல்.-இடம் சேர்த்தாக வேண்டும். சமையலறை உதவியாளர், மதிய இடைவேளையில் மேற்பார்வை செய்பவர் உட்பட எல்லோருக்கும் இது பொருந்தும்.

பிள்ளைகளோடு பணிபுரியும் ஊழியர்கள் டி.பி.எஸ். என்ற குற்றப் பின்னணிச் சோதனையைக் கடந்து வருபவர்கள். சோஹம் என்ற ஊரில் 2002இல் ஒரு பள்ளிக் காவலர் பத்து வயதுச் சிறுமியர் இருவரைக் கொன்ற பின்னரே இந்தச் சோதனைகள் இப்போதுள்ள அளவுக்கு இறுகின. ஆகவே நீங்கள் பள்ளிக்குள் நுழையும்போது கையெழுத்துக் கேட்டு, கழுத்தில் அடையாளப் பட்டை மாட்டி, கைபேசியை உள்ளே வைக்கச் சொன்னால் வருந்தாதீர்கள். இந்த வரவேற்பு எல்லோருக்கும் ஒன்றுதான்.

இரண்டாம் படி: படிவங்களை உண்மையாக நிரப்புங்கள்

அவசரத் தொடர்புக்கு ஒருவருக்கு மேற்பட்டவரின் எண்ணைத் தாருங்கள். கணவன், மனைவி இருவரும் ஒரே மருத்துவமனையில் வார்டுக்குள் கைபேசியை எடுக்க முடியாத வேலையில் இருந்தால், இரண்டு எண்கள் இருந்தும் பயன் இல்லை. மூன்றாவதாக ஒரு நண்பரையோ அக்கம்பக்கத்தவரையோ, அவருடைய ஒப்புதலுடன், சேருங்கள். அழைத்துப் போகிறவர் மாறினால் பள்ளிக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். சில பள்ளிகள் இதற்கு ஒரு ரகசியச் சொல் வைத்திருக்கும். உங்கள் தம்பியே போய் நின்றாலும், சொல்லிவைக்காவிட்டால் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள்.

பிள்ளை வராத நாளில் காலையிலேயே பள்ளிக்குத் தகவல் தர வேண்டும். தராவிட்டால் பள்ளி அழைக்கும். பதில் இல்லாவிட்டால் சில வேளைகளில் வீட்டுக்கே வரும். ஊருக்குப் போக மலிவான பயணச்சீட்டுக் கிடைக்கிறது என்று விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பே கிளம்பினால் அபராதக் கடிதம் வரலாம். ஆனால் பொய்க் காரணம் சொல்வது அதைவிடத் தவறான தொடக்கம். பள்ளிக்கும் உங்களுக்கும் இடையே இருக்க வேண்டிய நம்பிக்கையை அது குலைக்கும். பின்னாளில் உங்களுக்குத் தேவைப்படப் போவது அந்த நம்பிக்கைதான்.

மூன்றாம் படி: பிள்ளை யாருடன் இருக்கிறது என்பதைச் சட்டக் கண்ணால் பாருங்கள்

நம் குடும்பங்களில் அடிக்கடி நேர்வது இது. பெற்றோர் ஊரில் இருக்க, பிள்ளை மட்டும் இங்குள்ள உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கும். பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளை, பெற்றோரோ சட்டப்படி பொறுப்புள்ளவரோ நெருங்கிய உறவினரோ அல்லாத ஒருவருடைய பராமரிப்பில் 28 நாட்கள் அல்லது அதற்கு மேல் தங்கினால், அது ‘தனியார் வளர்ப்பு’ ஆகும்; கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். முன்கூட்டியே திட்டமிட்டதானால் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். தாத்தா, பாட்டி, உடன்பிறந்தவர், பெற்றோரின் உடன்பிறந்தவர்கள், அவர்களை மணந்தவர்கள், மாற்றாந்தாய் அல்லது மாற்றாந்தந்தை ஆகியோரே நெருங்கிய உறவினர். அப்பாவின் சொந்தத் தம்பி வீடு என்றால் சிக்கல் இல்லை. அப்பாவின் பெரியப்பா மகனையும் பிள்ளை சித்தப்பா என்றுதான் அழைக்கும். ஆனால் அவர் வீட்டில் தங்கினால் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். விக்டோரியாவை அழைத்து வந்தவளும் இந்த எல்லைக்கு வெளியே இருந்த ஓர் உறவுதான். கவுன்சில் ஊழியர் வந்து பார்ப்பது உங்கள் உறவை மறுப்பதற்காக அன்று. பெற்றோர் தொலைவில் இருக்கும் பிள்ளையை வெளியாள் ஒருவரும் பார்க்க வேண்டும் என்பதற்காக.

இன்னொன்று, வீட்டில் தனியே விடுவது. எந்த வயதில் தனியே விடலாம் என்று இங்கிலாந்துச் சட்டம் ஓர் எண்ணைச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளை ஆபத்துக்கு உள்ளாகும்படி விட்டால் அது குற்றம். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நீண்ட நேரம் தனியே இருக்கும் அளவுக்கு முதிர்ந்திருப்பது அரிது என்பது என்.எஸ்.பி.சி.சி. என்ற குழந்தைகள் நல அமைப்பின் அறிவுரை. இரவுப் பணி முடிந்து ஒருவர் வருவதற்கும் பகல் பணிக்கு மற்றவர் கிளம்புவதற்கும் இடையில் ஒன்றரை மணி நேரம் பத்து வயது அக்காவிடம் நான்கு வயதுத் தம்பியை விட்டுப் போகும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். நேரமும் பணமும் இல்லாதவர்கள். அப்படிப்பட்ட நெருக்கடியில் இருந்தால் பள்ளியிடம் மறைக்காதீர்கள். பள்ளி நேரத்துக்கு முன்னும் பின்னும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காலை உணவு மன்றம், மாலை நேர மன்றம் போன்றவற்றுக்கு வழிகாட்ட அவர்களால் முடியும்.

நான்காம் படி: பள்ளி உங்களை அழைத்துப் பேசினால்

‘சோஷியல் சர்வீஸ் வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்’ என்ற பேச்சு நம்மிடையே பரவிக் கிடக்கிறது. இந்த அச்சத்தால் உதவி கேட்காமல் இருந்துவிடும் பெற்றோரை நினைத்தால் மனம் கனக்கிறது. உண்மையில் நடப்பது படிப்படியானது. பள்ளிக்குக் கவலை எழுந்தால் பெரும்பாலும் முதலில் உங்களிடமே பேசும். உங்களிடம் சொன்னால் பிள்ளைக்கு ஆபத்து கூடும் என்று தோன்றினால் மட்டும் சொல்லாமலே கவுன்சிலுக்குத் தெரிவிக்கும். கவுன்சில் ஒரு வேலை நாளுக்குள் அடுத்து என்ன என்று முடிவுசெய்ய வேண்டும். 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தில், 17ஆம் பிரிவு உதவி தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றியது. 47ஆம் பிரிவு பெருந்தீங்கு நேர்ந்திருக்கலாம் என்று ஐயப்பட நியாயமான காரணம் இருக்கும்போது நடத்தும் விசாரணையைப் பற்றியது. எந்தப் பிரிவின் கீழ் பேசுகிறார்கள் என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்க நீதிமன்ற ஆணை வேண்டும். உடனடி ஆபத்து இருந்தால் காவல் துறை அதிகபட்சம் 72 மணி நேரம் பாதுகாப்பில் வைக்கலாம். சமூகப் பணியாளராகவே இருந்தாலும், தானே முடிவெடுத்துப் பிள்ளையைக் கொண்டுபோக அவருக்கு அதிகாரம் இல்லை.

அந்தச் சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். பெற்றோரைப் பற்றிய கேள்வியைப் பெற்றோரிடமே எடுத்துச் சொல்லும் சுமை ஒரு சின்னஞ்சிறு பிள்ளைக்குக் கூடாது.

அடிப்பதைப் பற்றி மழுப்பாமல் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்திலும் (2020) வேல்ஸிலும் (2022) பெற்றோர் பிள்ளையை அடிப்பது முற்றிலும் தடைசெய்யப்பட்டுவிட்டது. இங்கிலாந்தில் ‘நியாயமான தண்டனை’ என்ற வாதம் இன்னும் சட்டத்தில் இருக்கிறது. ஆயினும் தோலில் தடம் பதிய அடித்தாலோ, கரண்டி, பெல்ட் போன்ற பொருளால் அடித்தாலோ அது பெரும்பாலும் நிற்காது. அடித்து வளர்த்தால்தான் பிள்ளை உருப்படும் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியத் தலையீடாகத் தோன்றலாம். சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், அடிக்கு அஞ்சும் பிள்ளை தனக்கு நேர்ந்த தீங்கையும் அதே அச்சத்தால் மறைக்கும் என்பதே என் முதல் கவலை. பெற்றோருக்கு இடையே நடக்கும் வன்முறைக்கும் இது பொருந்தும். 2021ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், அதைப் பார்க்கும், கேட்கும், அதனால் பாதிக்கப்படும் பிள்ளையையும் பாதிக்கப்பட்டவராகவே கொள்கிறது. அடுத்த அறையில் தூங்குவது போல் படுத்திருந்தாலும் பிள்ளையின் காதில் எல்லாம் விழும்.

ஐந்தாம் படி: உடலைப் பற்றிப் பேசுங்கள்

2020 செப்டம்பர் முதல் இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் உறவுகள் பற்றிய கல்வி கட்டாயம். அதைப் பாலியல் கல்வி என்று தவறாக எண்ணிச் சிலர் பிள்ளையை விலக்கக் கேட்கிறார்கள். உறவுகள் பற்றிய பாடத்திலிருந்து விலக்க முடியாது. விலக்கக் கூடாது என்பதே என் கருத்தும். உடல் என்னுடையது, உள்ளாடை மறைக்கும் இடங்கள் என் அந்தரங்கம், வேண்டாம் என்றால் வேண்டாம்தான், மனத்தை வருத்தும் ரகசியத்தைச் சொல்லிவிட வேண்டும், சொன்னால் யாராவது உதவுவார்கள் ஆகிய ஐந்து எளிய செய்திகளை என்.எஸ்.பி.சி.சி. ‘பேன்ட்ஸ்’ என்ற பெயரில் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறது. இவற்றை வீட்டில் தமிழிலேயே சொல்லுங்கள். உறுப்புகளின் பெயர்களையும் வெட்கமின்றிச் சொல்லிக் கொடுங்கள், ஏனெனில் பெயர் தெரியாத இடத்தைப் பற்றிப் பிள்ளையால் முறையிட முடியாது.

விருந்துக்கு வந்த மாமாவுக்கு முத்தம் கொடு என்று வற்புறுத்துவதையும் நிறுத்த வேண்டும். பிள்ளை ஒதுங்கினால், ‘சரி, கை குவித்து வணக்கம் சொல்’ என்றால் மரியாதையும் கெடாது. தன் மறுப்புக்கு மதிப்பு உண்டு என்பதையும் பிள்ளை உணரும்.

ஆறாம் படி: இணையம்

பள்ளியின் கணினிகளில் தகாத தளங்களைத் தடுக்கும் வடிகட்டியும் கண்காணிப்பும் இருக்கும். அவற்றுக்குத் தலைமைப் பொறுப்பும் டி.எஸ்.எல்.-உடையதே. வீட்டில் அந்தப் பொறுப்பு உங்களுடையது. கல்வித் துறையின் ஆவணம் இணைய ஆபத்தை நான்காகப் பிரிக்கிறது: பிள்ளை எதைப் பார்க்கிறது, யார் அதனோடு தொடர்பு கொள்கிறார்கள், பிள்ளை தானே எப்படி நடந்துகொள்கிறது, பணம் எங்கே போகிறது. நம்மில் பலர் முதலாவதைப் பற்றி மட்டுமே கவலைப்படுகிறோம். தொடக்கப் பள்ளி வயதில் இரண்டாவதுதான் மிகக் கொடியது.

கருவிகளிலிருந்து தொடங்குங்கள். பி.டி., ஸ்கை, விர்ஜின் போன்ற பெரிய இணைய இணைப்பு நிறுவனங்கள் பெற்றோர் கட்டுப்பாட்டு வடிகட்டியை இலவசமாகத் தருகின்றன. உங்கள் கணக்கில் நுழைந்து அது இயங்குகிறதா என்று பாருங்கள். டேப்லெட்டில் பிள்ளைக்கென்று தனிக் கணக்கு உருவாக்கி, உண்மையான பிறந்த ஆண்டைக் கொடுங்கள். ஆப்பிள் கருவிகளில் ஸ்கிரீன் டைம், ஆண்ட்ராய்டில் ஃபேமிலி லிங்க் ஆகியவை எந்தச் செயலி, எவ்வளவு நேரம் என்று வரையறுக்க உதவும். எதை வாங்குவதற்கும் உங்கள் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். விளையாட்டுக் கருவிகளிலும், ரோப்ளாக்ஸ் போன்ற விளையாட்டுகளிலும், அந்நியருடன் உரையாடும் வசதியைப் பெற்றோர் கட்டுப்பாட்டுப் பகுதியில் போய் அடைத்துவிடுங்கள்.

ஆனால் நம் வீடுகளில் ஏழு வயதுப் பிள்ளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அம்மாவின் கைபேசிதான். சாப்பிட வைக்கக் கொடுத்த கைபேசியில் பெரியவர்களின் யூடியூப் கணக்கு இருக்கும். ஒரு பாட்டு முடிந்து அடுத்து என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. உறவினர் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் விபத்துப் படங்களும் தகாத காணொளிகளும் தாமாகவே படத்தொகுப்பில் இறங்கியிருக்கும். வாட்ஸ்அப் அமைப்பில் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்துங்கள். பிள்ளைக்கு யூடியூப் கிட்ஸ் மட்டும் திறந்து கொடுங்கள்.

தொடர்பு வழியாக வரும் ஆபத்து எப்படி வளர்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் முன்பே கண்டுகொள்ளலாம். விளையாட்டில் ஒருவர் நட்பாகிறார்; தன் வயதும் ஒன்பது என்கிறார். விளையாட்டுக்குள் செலவழிக்கும் நாணயங்களைப் பரிசாகத் தருகிறார். சில நாட்களில், ‘இங்கே பேச முடியவில்லை, ஸ்னாப்சாட்டுக்கு வா’, ‘டிஸ்கார்டுக்கு வா’ என்று வேறு செயலிக்கு அழைக்கிறார். பிறகு ரகசியம், பிறகு ஒரு படம், பிறகு அந்தப் படத்தை வைத்தே மிரட்டல். இணையத்தில் உள்ள சிறார் பாலியல் வன்கொடுமைப் படங்களைக் கண்டறிந்து நீக்கச் செய்யும் இன்டர்நெட் வாட்ச் ஃபவுண்டேஷன், ஏழு முதல் பத்து வயதுப் பிள்ளைகள் தம் வீட்டு அறையிலேயே கேமரா முன் ஏமாற்றப்படுவதைப் பற்றி எச்சரித்து வருகிறது. பெற்றோர் கீழ்த்தளத்தில் இருக்க, மேல் அறையில் இது நடக்கும். ஆகவே தொடக்கப் பள்ளி வயதில் இணையக் கருவி படுக்கையறைக்குப் போகக் கூடாது என்பதை வீட்டின் விதியாக வையுங்கள். பெரியவர்களும் இரவில் கைபேசியைக் கூடத்திலேயே வைத்தால் விதி நிலைக்கும்.

பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது இரண்டு வாக்கியங்கள். ‘விளையாட்டில் யாராவது வேறு இடத்துக்கு வா என்றாலோ, படம் கேட்டாலோ, அம்மா அப்பாவிடம் சொல்லாதே என்றாலோ உடனே எங்களிடம் சொல்.’ ‘சொன்னால் திட்ட மாட்டோம், டேப்லெட்டைப் பிடுங்க மாட்டோம்.’ இரண்டாவது வாக்கியத்தைக் காப்பாற்றுவதுதான் கடினம். பதற்றத்தில் கருவியைப் பறித்து உயரத்தில் வைத்துவிடுகிறோம். உண்மை சொன்னதற்குத் தண்டனை என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை வாய் திறக்காது. எந்த வடிகட்டியும் ஈடுசெய்ய முடியாத இழப்பு அது.

2023ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டப்படி, 2025 ஜூலை 25 முதல் தளங்கள் பிள்ளைகளைத் தீய உள்ளடக்கத்திலிருந்து காக்கும் கடமைக்கு உட்பட்டிருக்கின்றன. ஆபாசத் தளங்கள் வயதைச் சரிபார்க்க வேண்டும். ஆனால் பிள்ளைக்கு வயதைக் கூட்டிக் கணக்குத் தொடங்கிக் கொடுப்பவர் பெற்றோரே என்றால் அந்தச் சட்டம் என்ன செய்யும்? வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், டிக்டாக் எல்லாவற்றுக்கும் குறைந்தபட்ச வயது பதின்மூன்று. ஆறாம் ஆண்டு வகுப்பில் எல்லோரும் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள் என்று பிள்ளை கெஞ்சும்போது தனியே மறுத்து நிற்பது கடினம். அதே வகுப்பின் மூன்று நான்கு பெற்றோரோடு பேசி ஒரே முடிவுக்கு வந்தால் பிள்ளைக்குத் தனிமை இருக்காது.

நாமே வெளியிடும் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீருடையில் பள்ளிச் சின்னம் தெரியும் முதல் நாள் படத்தைப் பொதுவில் இட்டால், உங்கள் பிள்ளையின் பெயர், வயது, காலை ஒன்பது மணிக்கு எங்கே இருக்கும் என்பதெல்லாம் அந்நியருக்குத் தெரிந்துவிடும். மஞ்சள் நீராட்டு விழாவின் படங்களும் காணொளிகளும் இணையத்தில் யாரும் பார்க்கும்படி கிடக்கின்றன. ஐந்தாம், ஆறாம் ஆண்டு வகுப்பிலேயே பூப்பெய்தும் சிறுமிகள் உண்டு. தண்ணீர் ஊற்றும் சடங்கின் படம் வகுப்புத் தோழர்கள் கையில் சிக்கினால் அந்தச் சிறுமி படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். விழாவை எடுங்கள், ஆல்பம் போடுங்கள். இணையத்தில் இடுவதற்கு முன் அவளிடம் கேளுங்கள்.

ஏழாம் படி: ஏதேனும் நடந்துவிட்டால்

முதலில் பிள்ளை சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள். ‘ஏன் அப்போதே சொல்லவில்லை’ என்று கேட்காதீர்கள். சொன்னது சரி, தவறு உன்னுடையது அன்று என்று சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்பதும், பதிலை நீங்களே எடுத்துக்கொடுப்பதும் பின்னால் நடக்கும் விசாரணையைக் கெடுக்கக் கூடும். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, தேதியும் நேரமும் இட்டு, எழுதி வையுங்கள்.

உடனடி ஆபத்து என்றால் 999. மற்றபடி பள்ளியின் டி.எஸ்.எல்., உள்ளூர் கவுன்சிலின் குழந்தைகள் பிரிவு, என்.எஸ்.பி.சி.சி.-யின் உதவி எண் 0808 800 5000. பிள்ளை தானே அழைக்க சைல்டுலைன் 0800 1111, கட்டணம் இல்லை. புகார் ஓர் ஆசிரியரைப் பற்றியது என்றால் தலைமை ஆசிரியரிடமும், தலைமை ஆசிரியரைப் பற்றியது என்றால் பள்ளியை மேற்பார்வையிடும் ஆளுநர் குழுவின் தலைவரிடமும் சொல்ல வேண்டும். இத்தகைய புகார்களைக் கவனிக்கவே கவுன்சிலில் ஓர் அதிகாரி இருக்கிறார்.

இணையத்தில் நேர்ந்ததானால், உரையாடலை அழிக்காதீர்கள்; பயனர் பெயரைக் குறித்துவைத்துக் கணக்கைத் தடுங்கள். தேசியக் குற்றப்புலனாய்வு முகமையில் சிறார் மீதான பாலியல் சுரண்டலைக் கவனிக்கும் சியாப் (CEOP) பிரிவிடம் இணையம் வழியே முறையிடலாம். பிள்ளையின் அந்தரங்கப் படம் பரவியிருந்தால், சான்றுக்காக என்று கூட அதைப் படியெடுக்கவோ மற்றவருக்கு அனுப்பவோ கூடாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரின் அத்தகைய படத்தை அனுப்புவதே குற்றம். சைல்டுலைனும் இன்டர்நெட் வாட்ச் ஃபவுண்டேஷனும் நடத்தும் ‘ரிப்போர்ட் ரிமூவ்’ சேவை அந்தப் படத்தை இணையத்திலிருந்து நீக்க முயலும்.

பள்ளிக்கு வெளியே: தமிழ்ப் பள்ளி, நடன வகுப்பு, டியூஷன்

வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும் பரத, மிருதங்க வகுப்புகளும் பலரின் தன்னலமற்ற உழைப்பால் நடப்பவை. அவர்களை மதிக்கிறேன், அதனாலேயே கேள்வி கேட்கத் தயங்கக் கூடாது என்கிறேன். பாதுகாப்புக்கு யார் பொறுப்பு, ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் பின்னணிச் சோதனை நடந்ததா, ஒரு பெரியவர் தனியே ஒரு பிள்ளையுடன் மூடிய அறையில் இருக்க நேருமா, ஆசிரியர் பிள்ளைக்கு நேரடியாகக் கைபேசிச் செய்தி அனுப்புகிறாரா என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் இந்தக் கேள்விகளால் புண்பட மாட்டார். வீட்டில் நடக்கும் டியூஷன் என்றால் கதவு திறந்திருக்கட்டும்; முன்னறிவிப்பின்றிச் சற்று முன்னதாகப் போய் அழைத்து வாருங்கள்.

ஆறாம் ஆண்டு முடியும்போது

பல பள்ளிகள் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் தனியே வீட்டுக்கு நடந்து போகப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் பெற்று அனுமதிக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் கைபேசி வருவதும் அப்போதுதான். அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள எளிய கைபேசியே அந்த நடைக்குப் போதும். மேல்நிலைப் பள்ளிக்கு மாறும்போது, பிள்ளையைப் பற்றிய பாதுகாப்புக் கோப்பு இருந்தால் அது புதிய பள்ளிக்கு அனுப்பப்படும். உங்கள் பிள்ளை கேலிக்கு ஆளானதோ, குடும்பத்தில் நோயோ பிரிவோ நேர்ந்ததோ எதுவாயினும், கோப்பை மட்டும் நம்பியிராமல், ஜூலைக்குள் புதிய பள்ளியின் டி.எஸ்.எல்.-ஐ நேரில் சந்திக்க நேரம் கேட்டு எழுதுங்கள்.